நாலின் நிழல்

மெரிவேல், மெல்பர்ன்
12 ஏப்ரல் 1978

அன்புத் தம்பி லிண்ட்ஸேக்கு,

உன் முட்டிவலி எப்படி இருக்கிறது? கலங்கரை விளக்கத்தின் நூற்றுப் பதினாறு படியையும் தினம் ஏறி இறங்குகிறவனிடம் இதைக் கேட்பதே தப்புதான். இங்கே உன் அத்தான் மெர்வின் முதுகைத் தவிர எல்லாம் சுகம்.

பெரிய சேதி முதலில். மெரிவேல் கால்பந்து கிளப்பின் இரண்டாம் அணியில் மூன்று வருடம் பெஞ்சு தேய்த்த உன் மருமகன் டாரில், இப்போது முதல் அணியில் கோல் அடிக்கும் இடத்தில் நிற்கிறான்! பெரிய கெவ் ஓய்வு பெற்றுவிட்டார் இல்லையா, அவர் இடத்தைத்தான் இவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நம்பர் இருபத்தேழு. இரண்டு ஆட்டம் முடிந்தது. இரண்டிலும் தோற்றோம். அது கிடக்கட்டும், ஏப்ரல் மாதத்தில் யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

என் கோட்டை உனக்குத் தெரியும். எட்டு வருடமாக அதன் முதுகில் பெரிய கெவின் நாலாம் நம்பர்தான். அதைப் பிரித்து எடுத்துவிட்டு, வெள்ளைக் கம்பளித் துணியில் இருபத்தேழு வெட்டி, இரட்டைத் தையல் போட்டுவிட்டேன். கோட்டு முழுக்க வெளுத்துப்போயிருக்க, நாலு இருந்த இடம் மட்டும் கடையில் வாங்கிய அன்று போலக் கருநீலமாக இருந்தது. நல்லவேளை, இரண்டும் ஏழும் சேர்ந்து அதை மூடிவிட்டன. பக்கத்து சீட்டு பெரில் பார்த்துவிட்டு, "பெத்தவ முதுகுல புள்ளையோட நம்பரு. உனக்கு இனி கண்ணு படும்டி" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. டீயில் சூடு அதிகம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

மெர்வ் என்ன செய்தார் தெரியுமா? முதல் தோல்வி அன்றே அடுப்படியிலிருந்து மரக்கரண்டியை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கடைசி இடத்துக்கு அதுதானே பரிசு. ஹார்கிரேவ் குழுவின் விசிறியைக் கல்யாணம் செய்துகொண்டதற்கு இருபத்து நாலு வருடமாக அனுபவிக்கிறேன்.

டாரில் ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்குத் தவறாமல் வருகிறான். வறுத்த ஆட்டுக்கால் முழுசும் போதவில்லை.

கம்பளி உள்சட்டையை மறக்காமல் போட்டுக்கொள்.

உன் அக்கா
எல்வா

---

கேனட் தீவு
28 ஏப்ரல் 1978

அன்புள்ள எல்வா அக்காவுக்கு,

தபால் விமானம் காற்றுக்குப் பயந்து இரண்டு தடவை இறங்காமலே திரும்பிப் போனது. உன் கடிதம் என் தலைக்கு மேலே வட்டமடித்துவிட்டு ஊருக்கே போய் வந்திருக்கிறது. முட்டி ஏறும்போது பேசுவதில்லை, இறங்கும்போதுதான் முனகுகிறது.

டாரில் சேதியை மூன்று முறை படித்தேன். பிறகு வெளியே போய்க் கடல்நாய்களிடம் சொன்னேன். அவை புரண்டு படுத்தன.

சனிக்கிழமை மதியம் வானொலியைத் தூக்கிக்கொண்டு விளக்கு மாடத்துக்குப் போய்விடுகிறேன். காற்று மேற்கிலிருந்து வந்தால் முக்கால் ஆட்டம் வரை கேட்கிறது. அப்புறம் வர்ணனையாளர் குரல் மெல்ல உப்புக் கரைவதுபோலக் கரைந்துவிடுகிறது. மிச்சத்தை நானே ஆடி முடித்துக்கொள்கிறேன். கண்ணை மூடினால் போதும், மெரிவேல் மைதானத்தின் ஈரப் புல் வாசனை வருகிறது. நம் மெரிவேல் நாரைகள் அணியினர் மெதுவாக ஓடுகிறார்கள், தண்ணீருக்குள் ஓடுவதுபோல. பந்து மேலே போனால் இறங்குவதற்கு அவசரப்படுவதே இல்லை. போன வாரம் என் ஆட்டத்தில் நாற்பது புள்ளியில் ஜெயித்தோம். அந்த மயக்கத்தில் வானிலைப் பதிவேட்டில் காற்றின் வேகத்துக்கு எதிரே 'மெரிவேல் 98' என்று எழுதப் பார்த்தேன்.

கடற்பறவைகள் எல்லாம் வடக்கே கிளம்பிப் போய்விட்டன. அவற்றின் வளைகள் காலியாகிவிட்டதால், நடக்கும்போது தீவே உள்ளே கூடாகிவிட்டதுபோலச் சத்தம் வருகிறது.

டாரில் எப்படி உதைக்கிறான்? நடுக் கம்பங்களுக்குள் போய் ஆறு புள்ளி கோல் ஆகிறதா, ஓரத்தில் ஒதுங்கி ஒற்றைப் புள்ளியாகிறதா? விவரமாக எழுது. மெர்வின் முதுகுக்கு என் அனுதாபம், மரக்கரண்டிக்கு என் கண்டனம்.

தம்பி
லிண்ட்ஸே

---

மெரிவேல்
17 மே 1978

அன்புத் தம்பிக்கு,

சளி பிடித்துத் தெளிந்தேன். நீ எப்படி இருக்கிறாய்?

ஏழு ஆட்டம், ஏழு தோல்வி. டாரில் போன சனிக்கிழமை ஒரு கோல், எட்டு ஒற்றைப் புள்ளி. எட்டு தடவையும் வெள்ளைக் கோட்டு நடுவர், கோலுக்கு ஆட்டும் இரண்டு கொடியில் ஒன்றே ஒன்றை எடுத்து ஆட்டினார். அந்த ஒற்றைக் கொடியைப் பிடுங்கி முறித்துவிடலாமா என்று வந்தது எனக்கு.

எங்களுக்குப் பின்வரிசையில் ஒரு கரகரக் குரல்காரன் உட்காருகிறான். சிரிக்காமல் படி. முதலில், "ஏய் இருபத்தேழு! கம்பம் அசையாம நிக்குதுடா, நீதான் அசையுற!" என்றான். ஐந்தாவது தவறில், "கண்ணாடிக் கடை தொறந்திருக்கா, யாராச்சும் கூட்டிட்டுப் போங்க!" எட்டாவதில் எழுந்து நின்று கத்தினான்: "உங்கம்மாவைக் கூட்டிட்டு வந்து உதைக்கச் சொல்லுடா!" அப்போதுதான் முன்னால் இருக்கும் என் முதுகு அவன் கண்ணில் பட்டிருக்க வேண்டும். "அட, அம்மா இங்கதான் இருக்காங்க! எந்திரிங்கம்மா, இறங்கிப் போய் உதைச்சுக் காட்டுங்க!" சுற்றிலும் சிரிப்பு. நானும் சிரித்துவைத்தேன்.

கோட்டைத் துவைத்தேன். நம்பரின் தையல் பிரிந்துவிட்டது. திரும்பத் தைக்க வேண்டும், நேரமில்லை.

டாரில் இந்த ஞாயிறு வரவில்லை. பயிற்சியாம். ஆட்டுக்கால் மீந்துவிட்டது.

எல்வா

---

கேனட் தீவு
5 ஜூன் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

சளி முழுக்கப் போய்விட்டதா? இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

கரகரக் குரல்காரனை இந்தத் தீவுக்கு அனுப்பிவை. பனிமூட்டத்தில் ஊதும் சங்கு பழுதாகிக் கிடக்கிறது, அவனைக் கட்டிவைத்தால் கப்பல்களுக்கு உதவும்.

உன் தையல் பிரிந்தது என்கிறாய். நீ எனக்குப் பள்ளிக்கூடத்துப் பை தைத்துக் கொடுத்தாய். பை கிழிந்தது, அடி கழன்றது, உன் தையல் மட்டும் நின்றது. அதை நாய் கடித்தும் பிரியவில்லை. எந்தச் சோப்பு போட்டாய் இந்தத் தடவை?

டாரில் ஞாயிறு வந்தானா?

லிண்ட்ஸே

---

மெரிவேல்
9 ஜூன் 1978

லிண்ட்ஸே மாமாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்குத் தொடையில் தசைப் பிடிப்பு, பெரிதாக ஒன்றுமில்லை. கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சீசன் முடிந்ததும் ஒரு பத்து நாள் உங்கள் தீவுக்கு வரலாமா? அங்கிருந்து நேரே பெர்த்துக்குப் போய்விடுவதாக இருக்கிறேன். ஒரு சின்ன கிளப் கூப்பிடுகிறது. அங்கே என்னை யாருக்கும் தெரியாது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமலே போய்விடுவேன் போலிருக்கிறது.

காரணம் கேட்பீர்கள். மே மாதம் இருபதாம் தேதி ஆட்டம். முதல் கால் பகுதி முடிந்து இடைவேளை. காஸ் தொட்டிப் பக்கத்து கோலுக்குப் பின்னால்தான் அம்மா எப்போதும் உட்காருவாள். தண்ணீர் குடித்துக்கொண்டே நிமிர்ந்தேன். அம்மா டீ வாங்கப் படியேறிக்கொண்டிருந்தாள், முதுகைக் காட்டி. இருபத்தேழு இல்லை. அது இருந்த இடத்தில் கருநீலமாகப் பழைய நாலு தெரிந்தது. பெரிய கெவின் நாலு. வெளுத்த துணியில் அவ்வளவு தெளிவாக.

அடுத்த பந்து என் மார்பில் பட்டு விழுந்தது.

அம்மாவை வீதியில் பார்த்தபோது, நான் கேட்காமலே, "துவைச்சேன்டா, தையல் பிரிஞ்சு போச்சு" என்றாள். தையல் தானாகப் பிரிந்தால் நூல் தொங்கும் மாமா. ஒரு நூல்கூட இல்லை. மைதானமே என்னைத் திட்டட்டும், அதுதான் தொழில். அம்மாவுக்கும் பெரிய கெவ்தான் வேண்டும் என்றால் நான் யாருக்காக உதைக்கிறேன்?

இதை அவளிடம் எழுதாதீர்கள்.

டாரில்

---

கேனட் தீவு
27 ஜூன் 1978

அன்பு டாரிலுக்கு,

தொடைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே நான் சுகம்.

வா. கட்டில் இருக்கிறது. மெத்தையில் ஒரு பக்கம் குழி, அது உனக்கு. எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு.

உன் அம்மாவிடம் எழுத மாட்டேன். நேரில் இருந்தால் என் மூஞ்சியே காட்டிக் கொடுத்துவிடும், நல்லவேளை நடுவில் கடல் இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பெர்த்துக்குச் சொல்லாமல் போவது என்கிறாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நானும் இந்தத் தீவுக்குச் சொல்லாமல்தான் வந்தேன். அக்கா என்னை மன்னிக்க ஆறு வருடம் ஆனது.

உன் மாமா
லிண்ட்ஸே

---

மெரிவேல்
20 ஜூலை 1978

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. மெர்வ் சுகம். டாரில் சுகம்.

பதினாறு தோல்வி. மரக்கரண்டி விளையாட்டை மெர்வ் நிறுத்திவிட்டார். மனிதருக்கே பாவமாக இருக்கிறது போல.

போன சனிக்கிழமை மூடுபனி. நதியிலிருந்து கிளம்பி வந்து மைதானம் முழுக்க உட்கார்ந்துகொண்டது. வேலி தெரிந்தது, அதற்கப்பால் ஒன்றும் தெரியவில்லை. உள்ளேயிருந்து பூட்ஸ் சத்தம், மூச்சுச் சத்தம், பந்தில் கால் படும் 'தொம்'. யார் பந்து, எந்தப் பக்கம் போகிறது, ஒன்றும் தெரியாது. கூட்டம் கத்துவதை விட்டுவிட்டது. எதைப் பார்த்துக் கத்துவது? எங்கள் கோல் பக்கம் வெள்ளைக் கோட்டுக்காரர் மட்டும் பாதி கரைந்து நின்றார். திடீரென்று பனிக்குள்ளிருந்து ஒரு கொடி அசையும். ஒரு கொடியா இரண்டா என்று எல்லோரும் எழுந்து பார்ப்போம்.

எனக்கு அந்த ஒரு நாள்தான் இந்த சீசனில் பிடித்திருந்தது. யாரும் யாரையும் பார்க்க முடியவில்லை. ஒரு தடவை வேலிக்கு ரொம்பப் பக்கத்தில் ஒருவன் மூச்சு வாங்க ஓடினான். ஓட்டத்தை வைத்தே யாரென்று தெரிந்துவிட்டது. கை நீட்டினால் தொட்டிருப்பேன். நீட்டவில்லை.

ஆட்டுக்கால் இப்போது சின்னதாக வாங்குகிறேன்.

எல்வா

---

கேனட் தீவு
4 ஆகஸ்ட் 1978

அன்புள்ள அக்காவுக்கு,

மெர்வும் நீயும் நலமா? எனக்கு இரண்டு முட்டியும் ஒரே சமயத்தில் வலிக்கிறது. ஒன்றுக்கொன்று துணை.

போன வாரம் வானொலி முதல் கால் பகுதியிலேயே போய்விட்டது. சாய்ந்து உட்கார்ந்து ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவன் அப்படியே தூங்கிவிட்டேன். கனவில் மைதானம் இந்தத் தீவில் இருந்தது. ஆடுகிறவர்கள் நிஜ நாரைகள். ஒற்றைக் காலில் நின்று யோசித்து யோசித்து உதைத்தன. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, உன்னைக் காட்டலாமென்று தேடினேன். வரிசை வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டி. எந்த முதுகிலும் நம்பர் இல்லை. இதில் எது என் அக்கா என்று தெரியவில்லை. கூப்பிட வாய் வரவில்லை. அதோடு விழித்துவிட்டேன்.

கனவுதான். சொல்ல வேண்டும்போல இருந்தது, சொன்னேன்.

லிண்ட்ஸே

---

மெரிவேல்
14 ஆகஸ்ட் 1978

லிண்ட்ஸே,

நலம் விசாரிக்கும் நிலையில் இல்லை, மன்னித்துக்கொள்.

டாரில் உனக்கு எழுதியிருக்கிறான், உன் கனவைப் படித்ததுமே தெரிந்துவிட்டது. இல்லை என்று பதில் போடாதே, உனக்குப் பொய் வராது. எனக்குத்தான் வரும்.

தையல் பிரியவில்லை. நான்தான் பிரித்தேன். அந்த ஆள் என்னை எழுந்து நிற்கச் சொன்னதற்கு அடுத்த திங்கட்கிழமை மதியம், சமையல் மேசையில் கோட்டை விரித்துப் போட்டு, சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு நூலாக. எனக்கு டாரிலை நினைத்து வெட்கம் இல்லை லிண்ட்ஸே, சத்தியமாக இல்லை. பயம். அத்தனை பேர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்த அந்தச் சிரிப்பின் மேல் பயம். ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு சனிக்கிழமை, யாரோ ஒரு பொம்பளையாக உட்கார்ந்திருக்கலாமே என்று நினைத்தேன். அடியில் இருந்த அந்த நாலு டாரில் கண்ணுக்கு என்ன சொல்லும் என்று நினைக்கவே இல்லை. பெரில்தான் இடைவேளையில், "என்னடி, கெவ் திரும்பி வந்துட்டாரா?" என்றாள். நிமிர்ந்து பார்த்தால் டாரில் தண்ணீர்ப் பாத்திரத்தோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

உடனே நிஜத்தைச் சொல்லியிருக்கலாம் என்பாய். தையல் பிரிந்தது என்று அவனிடம் சொல்லிவிட்டேனே. மறுவாரம் தைத்துப் போட்டுக்கொண்டு போனேன். அவன் அதைப் பார்த்தான், ஒரு தடவை தலையை ஆட்டினான், தெரியாதவர்களுக்கு ஆட்டுவதுபோல. அதற்குப் பிறகு வீட்டுக்கு வரவே இல்லை. பன்னிரண்டு ஞாயிறு.

இன்று மீன்கடையில் பெரில் கேட்கிறாள், "உம்புள்ள பெர்த்துக்குப் போறானாமே?" பெற்றவளுக்கு மீன்கடையில் சேதி! "ஆமா, நல்ல எடம்" என்று சொல்லிவிட்டு, வாங்கிய மீனைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

அவனிடம் நிஜத்தைச் சொல்லாவிட்டால் அவன் பெர்த்திலேயே இருந்துவிடுவான். அது எனக்குத் தெரிகிறது. அவன் தங்கியிருக்கும் வாடகை அறைக்கு இரண்டு தடவை போனேன். கதவைத் தட்டாமல் திரும்பினேன். இன்னும் இரண்டு ஆட்டம்தான் மிச்சம்.

எல்வா

---

மெரிவேல்
30 ஆகஸ்ட் 1978

அன்புத் தம்பி லிண்ட்ஸேக்கு,

முட்டிகள் இரண்டும் சௌக்கியமா? நான் நன்றாகத் தூங்குகிறேன். மெர்வ் என்னோடு நான்கு நாளாகப் பேசவில்லை, அதற்குக் காரணம் வேறு.

கடைசி ஆட்டம் ஹார்கிரேவோடு. உனக்கு எங்கே வரை கேட்டதோ தெரியாது, முடிவை மட்டும் சொல்கிறேன். ஒரு புள்ளியில் பின்தங்கியிருந்தோம். டாரில் மூன்று பேருக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடித்தான். பிடித்து இறங்குவதற்குள் ஆட்டம் முடியும் சங்கு ஊதிவிட்டது. சங்குக்கு முன் கையில் பிடித்த பந்து, பிடித்தவனுக்கு ஒரு உதை பாக்கி. எங்கள் பக்கத்து கோல். என் நேர் எதிரே நாற்பது கஜத்தில் அவன் முகம். உள்ளே போனால் ஜெயிப்போம், சீசனில் முதல் தடவையாக.

உதைத்தான். பந்து நேராகத்தான் வந்தது, லிண்ட்ஸே. கடைசியில் காற்று லேசாகத் தோளில் கை போட்டு அழைத்துப் போனதுபோல நகர்ந்து கம்பத்தில் பட்டது. ஒரு கொடி. ஒரு புள்ளி. சமன்.

சமனான ஆட்டம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு மறந்தே போயிருந்தது. ஜெயித்தால் ஒலிபெருக்கியில் நம் பாட்டு வரும், தோற்றால் அவர்கள் பாட்டு வரும். இரண்டும் வரவில்லை. பாட்டுத் தட்டு போடுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பதினாலாயிரம் பேர், ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. யார் சந்தோஷப்பட வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆட்டக்காரர்கள் நின்ற இடத்திலேயே இடுப்பில் கை வைத்து நின்றார்கள், தூக்கத்தில் நடந்துவந்து அங்கே விழித்துக்கொண்டவர்கள்போல. கடற்காக்கைகள் இறங்கிப் புல்லில் உட்கார்ந்தன.

நான் எப்போது வேலிக்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. வாய் தானாகக் கத்தியது.

"டாரில்! தையல் பிரியலடா! நான்தான் பிரிச்சேன்!"

மைதானம் முழுக்கக் கேட்டது. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தலைகள் திரும்பின. அவனும் திரும்பினான். பிறகு நடந்து வந்தான், மெதுவாக, சேறு அப்பிய காலோடு. வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"எல்லாரும் பாக்குறாங்கம்மா."

"பாக்கட்டும். பயந்துட்டேன்டா. அவங்க சிரிச்சாங்க, நான் பயந்துட்டேன். கெவ்வும் வேணாம் எவனும் வேணாம் எனக்கு. பொய் வேற சொன்னேன் உங்கிட்ட."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பார்த்தால் பாதி சிரிப்பு.

"அந்த வாரம் நானும்தாம்மா. உடை மாத்துற அறையில அந்த இருபத்தேழு போட்ட சட்டையைக் கையில வச்சுக்கிட்டு அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். வேற நம்பர் குடுங்கன்னு போய்க் கேட்டேன். குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

வேலிக்கு மேலாக அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். பின்வரிசைக் கரகரக் குரல், "விடுங்கம்மா, மூச்சு முட்டப் போவுது!" என்றது. இந்தத் தடவை நான் திரும்பி, "நீ வாய மூடுடா எருமை!" என்றேன். அவனும் மூடினான்.

இருபத்தொரு தோல்வி, ஒரு சமன். கடைசி இடம். மெர்வ் பேசாததற்குக் காரணம், நான் அவர் குழுவின் வெற்றியைக் கெடுத்தேனாம். நானா உதைத்தேன்?

திங்கட்கிழமை கிளப்பிலிருந்து டாரிலுக்கு, அடுத்த வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெர்த்துக்குப் போகத்தான் போகிறான். எனக்கு நெஞ்சு வலிக்கிறது, வலிக்கட்டும். எந்த ரயில், எந்தத் தெரு, எந்த வீடு என்று எழுதிக் கொடுத்திருக்கிறான். ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்தபோது அவன் கையெழுத்தில்.

அதற்கு முன் பத்து நாள் உன்னோடு. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, அவனே கொண்டுவருகிறான். உறையை ஒட்டாமல்தான் கொடுத்தேன். வழியில் படித்தாலும் படிக்கட்டும்.

உன் அக்கா
எல்வா